முதல் மேடையில் ஒருவரையொருவர் கேளுங்கள்

கல்லூரி விழாவில் முதன்முறையாக மேடையேறப் போகும் இசைக்குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

குழுவுக்குப் பெயர் வைத்தாயிற்று. விழாவில் இருபது நிமிடம் கேட்டு வாங்கியாயிற்று. யாரோ ஒருவர் வீட்டு மாடியறையில் டிரம்ஸையும் இறக்கியாயிற்று. இனி எந்தப் பாட்டு என்பதுதான் கேள்வி. லீட் கிட்டாருக்கு நீளமான சோலோ உள்ள பாட்டு வேண்டும். பாடுகிறவருக்குத் தன் குரல் எட்டும் உயரத்தைக் காட்ட ஒரு பாட்டு வேண்டும். கீபோர்டில் இருப்பவர் போன வாரம் கற்றுக்கொண்ட பி.ஜி.எம்.மை விட மனசில்லாமல் இருக்கிறார். நீங்கள் சொல்லும் பாட்டுகள் எல்லாமே நல்ல பாட்டுகள். அவற்றில் எது முதல் மேடையைத் தாங்கும் என்று பார்க்கத்தான் இந்த மடல்.

மெல்லிசை மேடைகளில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன் நான். கல்லூரிப் பிள்ளைகள் ஒத்திகைக்கு அழைத்தால் போய் உட்காருவேன். அங்கே திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். வாசித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இருப்பவரைக் காது கொடுத்துக் கேட்க மனம் மிச்சமிருக்க வேண்டும். அப்படி மிச்சம் வைக்கும் பாட்டுதான் எளிய பாட்டு. முதல் மேடைக்கு அதைத் தேர்ந்தெடுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மேடை என்பது மாடியறை மாதிரி இருக்காது. மாடியறையில் வட்டமாக நிற்பீர்கள்; ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும்; எல்லாச் சத்தமும் எல்லோருக்கும் கேட்கும். மேடையில் எல்லோரும் கூட்டத்தைப் பார்த்து வரிசையாக நிற்க வேண்டும். டிரம்ஸ் முதுகுக்குப் பின்னால் போய்விடும். மானிட்டரில் உங்கள் கிட்டார் கேட்கலாம், பாட்டு கேட்காது. பாட்டு கேட்கலாம், பேஸ் கேட்காது. திறந்த மைதானமாக இருந்தால் நீங்கள் பாடிய வரியே எதிர்க் கட்டடச் சுவரில் மோதி ஒரு கணம் தாமதமாகத் திரும்பி வரும். கை வியர்க்கும். நெஞ்சு படபடக்கும். அறையில் விரல் தானாகப் போன இடத்துக்கு அன்று யோசித்துத்தான் போகும். அறையில் பத்துக்கு எட்டு முறை சரியாக வந்த இடம், மேடையில் சரியாக வரும் என்று நம்ப முடியாது. பத்துக்குப் பத்தும் வருகிற இடம்தான் அங்கே நிற்கும்.

கீழே நிற்கும் கூட்டம் எதைக் கேட்கிறது என்றும் யோசியுங்கள். கிட்டார் சோலோவில் எத்தனை ஸ்வரம் போனது என்று அவர்கள் எண்ணுவதில்லை. ஐந்து பேரும் ஒரே அடியில் தொடங்குகிறார்களா, பாடுபவர் சுருதியில் நிற்கிறாரா, தாளம் ஆடாமல் போகிறதா, கடைசியில் எல்லோரும் சேர்ந்து முடிக்கிறார்களா என்பதுதான் அவர்களுக்குத் தெரிகிறது. இசை தெரியாதவருக்கும் இது தெரியும். மூன்றே கார்டு உள்ள பாட்டை ஐவரும் ஒட்டி வாசித்தால் மைதானம் கை தட்டும். பதினைந்து கார்டு உள்ள பாட்டில் ஒருவர் முன்னால் ஓட, ஒருவர் பின்தங்கினால், அதே மைதானம் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிடும்.

எளிய பாட்டை எடுப்பதும், பிறர் பாட்டை வாசிப்பதும் கௌரவக் குறைச்சல் என்று நினைக்காதீர்கள். 1960-களின் இறுதியில் சென்னையில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் நடத்திய மெல்லிசைக் குழுவில் இளையராஜா வாசித்தார். அவர் சகோதரர்கள் பாஸ்கரும் கங்கை அமரனும் வாசித்தார்கள். அன்று அவர்கள் மேடையில் வாசித்தவை பெரும்பாலும் அடுத்தவர்கள் இசையமைத்த படப் பாட்டுகள். இளையராஜா முதலில் இசையமைத்த ‘அன்னக்கிளி’ வந்தது 1976-இல். அதற்கு முந்தைய ஆண்டுகளின் மேடைகள் அவர்களுக்குப் பள்ளிக்கூடமாக இருந்தன. இங்கிலாந்துக்குப் போனாலும் இதே கதைதான். பீட்டில்ஸ் குழு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துக் கேளிக்கை விடுதிகளில் இரவிரவாகப் பிறர் பாட்டுகளை வாசித்துத் தேறியது. 1963-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தின் பதினான்கு பாட்டுகளில் ஆறு பாட்டுகள் பிறருடையவை. பிறர் பாட்டை ஒழுங்காக வாசிக்கும்போதுதான் ஒரு பாட்டு உள்ளே எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கை கற்றுக்கொள்கிறது.

இனி தேர்வுக்கு வருவோம். தமிழ்த் திரைப்பாட்டை எடுக்கும்போது நம் பிள்ளைகள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பல்லவியை மட்டும் கேட்டுவிட்டு, ‘இது சுலபம்’ என்று முடிவு செய்துவிடுகிறார்கள். பல்லவி நான்கு கார்டில் முடிந்துவிடும், சரணமும் பரவாயில்லை. பாட்டின் கஷ்டம் நடுவில் வரும் பி.ஜி.எம்.மில் இருக்கிறது. ஆங்கிலப் பாட்டு பலவற்றில் ஒரு பத்தி, ஒரு கோரஸ், மறுபடி அதே பத்தி, அதே கோரஸ் என்று வட்டம் சுற்றும். நம் திரைப்பாட்டு அப்படிப் போவதில்லை. தொடக்க இசை ஒன்று, முதல் சரணத்துக்கு முன் ஒரு பி.ஜி.எம்., இரண்டாம் சரணத்துக்கு முன் அதிலிருந்து முற்றிலும் வேறான இன்னொரு பி.ஜி.எம். இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டுகளில் இந்த இரண்டும் தனித்தனியாக எழுதிய இசை. வயலின் கூட்டம் ஒரு வரி பேசும், புல்லாங்குழல் பதில் சொல்லும், அடியில் பேஸ் தனக்கென்று ஒரு மெட்டுப் போட்டுக்கொண்டிருக்கும். அதை ஒரு கிட்டாரும் ஒரு கீபோர்டும் வைத்துக்கொண்டு முதல் மேடையில் இழுப்பது பெரும்பாடு.

எனவே ஒரு பாட்டைப் பட்டியலில் சேர்க்கும் முன் இரண்டாவது பி.ஜி.எம்.மைப் போட்டுக் கேளுங்கள். அதை உங்களிடம் இருக்கும் வாத்தியங்களால் வாசிக்க முடியுமா? முடியாவிட்டால், அந்த இடத்தில் பல்லவியின் கார்டுகளையே எட்டு பார் சுற்றிவிட்டு, கிட்டாரோ கீபோர்டோ பல்லவி மெட்டை எளிமையாக வாசித்தால் பாட்டு நிற்குமா? நின்றால் எடுங்கள். அந்த பி.ஜி.எம். இல்லாமல் பாட்டே இல்லை, கூட்டம் அதற்காகத்தான் காத்திருக்கும் என்று தோன்றினால், இப்போதைக்கு வைத்துவிடுங்கள்.

‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’வை எடுத்துக்கொள்ளுங்கள். 1982-இல் வந்த பாட்டு. இன்றும் கிட்டார் கையில் எடுத்த எல்லோருக்கும் அதன் மேல் ஆசை. கேட்கும்போது ஒரு கிட்டாரும் ஒரு குரலும் மட்டும் இருப்பது போலத் தோன்றும். வாசித்துப் பார்த்தால்தான் தெரியும், அந்தக் கிட்டாருக்கு ஓய்வு மிகக் குறைவு என்பது. விரல் ஒரு ஸ்வரம் தவறினாலும் மறைத்துக்கொள்ளப் பக்கத்தில் பெரிய சத்தம் எதுவும் கிடையாது. ‘தளபதி’யின் ‘ராக்கம்மா கையத் தட்டு’ வேறு விதமான கஷ்டம். மைதானத்தையே ஆட வைக்கும் பாட்டு, சந்தேகமில்லை. ஆனால் நடுவில் வரும் வயலின் கூட்டத்தையும், தேவாரம் ஒலிக்கும் இடத்தையும் ஐந்து பேர் எப்படிக் கொண்டுவருவீர்கள்? இந்த இரண்டு பாட்டுகளும் உங்களுக்குக் கட்டாயம் வாய்க்கும். இந்த ஆண்டு வேண்டாம்.

தொண்ணூறுகளுக்குப் பிறகு வந்த பாட்டுகளில் கஷ்டம் வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. ஏ.ஆர். ரகுமான் வந்த பிறகு ஒலிப்பதிவில் அடுக்கடுக்காகச் சத்தங்கள் சேர்ந்தன. மெட்டு எளிமையாக இருக்கும். ஆனால் நாம் அந்தப் பாட்டு என்று நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி அந்த அடுக்குகள்தான். குத்துப் பாட்டும் அப்படியே. சுலபமாகத் தெரியும். ஆனால் பறை, தவில், டோலக், பக்கவாட்டில் இன்னும் நான்கு கைகள் சேர்ந்து அடிப்பதை ஒரு டிரம்ஸ் செட் மட்டும் அடித்தால் மெலிந்துபோய்க் கேட்கும். குத்துப் பாட்டு வேண்டும் என்றால் கல்லூரியில் டோலக்கோ பறையோ அடிக்கத் தெரிந்த ஒருவரைக் குழுவுக்குள் கூட்டி வாருங்கள். அவர் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எதை எடுக்கலாம்? சில பாட்டுகளைச் சொல்கிறேன். பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், ஒவ்வொன்றையும் ஏன் சொல்கிறேன் என்று பாருங்கள்.

‘காதல் தேசம்’ படத்தின் ‘முஸ்தபா முஸ்தபா’. 1996-இல் ரகுமானே பாடியது. பிரிவுபசார விழாக்களில் இத்தனை ஆண்டுகளாக ஒலித்து ஒலித்து, இப்போது அது கல்லூரிகளின் பொதுச் சொத்தாகிவிட்டது. நீங்கள் பல்லவியை ஆரம்பித்தாலே கூட்டம் வாங்கிக்கொள்ளும். முதல் மேடையில் அது பெரிய துணை. பாடுபவர் ஒரு வரி மறந்தாலும் மைதானம் அந்த வரியைப் பாடிவிடும். ‘3’ படத்துக்காக 2011-இல் வெளியான ‘கொலவெறி’யை எடுத்தால், தனுஷ் அதைப் பாதி பேச்சாகவே பாடியிருப்பார். குரல் மேலும் கீழும் அதிகம் ஓட வேண்டியதில்லை. பெரிய குரல் இல்லாத பாடகர் உள்ள குழுவுக்கு அது நல்ல தேர்வு. மெதுவான பாட்டு ஒன்று வேண்டுமென்றால், பெண் குரல் இருக்கும் குழுக்கள் ‘மின்னலே’ படத்தின் ‘வசீகரா’வைப் பார்க்கலாம். ஒரு கிட்டாரும் மெல்லிய கீபோர்டும் இருந்தாலே அந்த மெட்டு நின்றுவிடும்.

இலங்கைத் தமிழ்ப் பொப்பிசையை நம் கல்லூரிக் குழுக்கள் ஏன் மறந்தன என்று எனக்கு வருத்தம் உண்டு. ஏ.ஈ. மனோகரன் பாடிப் பரப்பிய ‘சுராங்கனி’, நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ இரண்டும் சின்னக் குழு வைத்து மேடையில் பாடுவதற்கென்றே பிறந்தவை. இவற்றின் பைலா தாளம் ஆறு-எட்டில் துள்ளும். கார்டுகள் சொற்பம். ஒருவர் ஒரு வரி பாட, மற்றவர்கள் அதே வரியைத் திருப்பிப் பாடலாம். கிட்டார், பேஸ், ஏதாவது ஒரு தோல் வாத்தியம் இருந்தால் போதும். கூட்டத்தில் பாதிப் பேருக்குப் பாட்டு புதிதாக இருந்தாலும், இரண்டாவது சுற்றில் கை தட்டத் தொடங்கிவிடுவார்கள்.

ஆங்கிலப் பாட்டு வாசிக்கும் குழுக்களுக்கு ஒரு பாட்டைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். பென் ஈ. கிங் பாடி 1961-இல் வெளியான ‘ஸ்டாண்ட் பை மீ’. அதை சி ஸ்கேலில் வைத்துக்கொள்வோம். சி-யில் இரண்டு பார், ஏ மைனரில் இரண்டு பார், எஃப்-இல் ஒன்று, ஜி-யில் ஒன்று, மறுபடி சி-யில் இரண்டு. மொத்தம் எட்டு பார். பத்தியும் இதுதான், கோரஸும் இதுதான், நடுவில் வயலின்கள் வாசிக்கும் இடமும் இதே எட்டு பார்தான். இதனால் என்ன லாபம் என்று பாருங்கள். பாடுபவர் பதற்றத்தில் கோரஸை விட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போனாலும் கார்டு மாறாது. கிட்டார் வாசிப்பவர் நடுவில் தடுமாறினால், கையை எடுத்துவிட்டு, அடுத்த சி வரும்போது சேர்ந்துகொள்ளலாம். பேஸ் நடை ஒன்றுதான். அதைப் பிடித்துவிட்டால் கண்ணை எடுத்து டிரம்ஸைப் பார்க்கலாம். பிழையை மன்னிக்கும் பாட்டு என்று நான் சொல்வது இதைத்தான்.

கிரான்பெரிஸ் குழுவின் ‘ஸோம்பி’யும் இந்த வகை. இ மைனர், சி, ஜி, டி என்ற நான்கு கார்டுகள் முதலிலிருந்து முடிவு வரை. பத்தியை மென்மையாகவும் கோரஸை முழு பலத்தோடும் வாசித்தால் பாட்டு தானாக எழும். ஆனால் அது எதைப் பற்றியது என்று தெரிந்துகொண்டு பாடுங்கள். 1993-இல் இங்கிலாந்தின் வாரிங்டன் நகரில் வெடித்த குண்டுகளுக்கு இரண்டு சிறுவர்கள் பலியான துயரத்தில் எழுதிய பாட்டு அது. அது தெரிந்தவர் மேடையில் சிரித்துக்கொண்டே அதைப் பாட மாட்டார். பாப் மார்லியின் ‘த்ரீ லிட்டில் பேர்ட்ஸ்’ ஏ, டி, இ என்ற மூன்று கார்டில் முடிந்துவிடும். ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் 2003-இல் வெளியிட்ட ‘செவன் நேஷன் ஆர்மி’யில் ஏழே ஸ்வரங்களில் ஒரு ரிஃப், அந்தக் குழுவில் இருந்ததே இரண்டு பேர். உலகத்துக் கால்பந்து மைதானங்கள் எல்லாம் அந்த ரிஃபை வாயால் பாடுகின்றன. உங்கள் மைதானமும் பாடும்.

தள்ளி வைக்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’ ஆறரை நிமிடம் ஓடும். முடிவில் இரண்டு கிட்டார்கள் இழைந்து வாசிக்கும் சோலோ இல்லாமல் அதைக் கேட்க யாருக்கும் மனம் வராது. உங்கள் இருபது நிமிடத்தில் மூன்றில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்ளும். ரேடியோஹெட்டின் ‘கிரீப்’ நான்கு கார்டுதான், கிட்டாருக்குச் சுலபம்தான். ஆனால் நடுவில் குரல் ஏறுகிற உயரம் அறையில் வரும், மேடையில் உடையும். ‘சம்மர் ஆஃப் 69’ நம் கல்லூரிகளுக்குப் பழகிய பாட்டு. பிரையன் ஆடம்ஸின் தொண்டை எல்லோருக்கும் வராது. கிட்டாரில் சுலபமாக இருக்கும் பாட்டு பாடுபவருக்குச் சுலபமாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

அதனால்தான் ஸ்கேலை முடிவு செய்யும் உரிமையைப் பாடுபவரிடம் கொடுங்கள். ஒலிப்பதிவில் இருக்கும் ஸ்கேலிலேயே பாட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. எஸ்.பி.பி. பாடியது இரண்டரைக் கட்டையில் என்றால் உங்கள் பாடகருக்கு ஒரு கட்டை பொருந்தலாம். பெண் பாடியதை ஆண் பாடினால் இன்னும் அதிகமாக இறக்க வேண்டியிருக்கும். எது பொருந்தும் என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பாட்டின் உச்ச வரியை மட்டும் எடுத்து, நின்றுகொண்டு, முழுக் குரலில், மூன்று முறை தொடர்ந்து பாடச் சொல்லுங்கள். மூன்றாவது முறையும் முதல் முறை போலவே வந்தால் அந்த ஸ்கேல் சரி. உட்கார்ந்துகொண்டு மெல்லப் பாடிப் பார்த்து எடுத்த முடிவு மேடையில் கை கொடுக்காது.

ஸ்கேல் மாறினால் கிட்டாருக்குக் கஷ்டமாயிற்றே என்று கேட்பீர்கள். கேப்போ அதற்குத்தான் இருக்கிறது. பாடுபவருக்கு ஏ ஷார்ப் வசதியாக இருக்கிறது என்று வையுங்கள். அதில் பாரே கார்டு பிடித்துப் பிடித்து முதலாண்டு மாணவரின் கை மூன்றாவது பாட்டிலேயே ஓய்ந்துவிடும். மூன்றாவது ஃபிரெட்டில் கேப்போவைப் போட்டு ஜி வடிவத்தில் வாசித்தால் அதே ஏ ஷார்ப் வந்துவிடும், பழகின கார்டுகளோடு. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது. ஆனால் அடுத்த பாட்டுக்கு முன் அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பதைத் தாளில் எழுதிக் கீபோர்டிலேயே ஒட்டிவிடுங்கள்.

வேகத்தைப் பற்றி டிரம்ஸில் இருப்பவரிடம் தனியாகப் பேச வேண்டும். மேடையில் எல்லோருக்கும் வேகம் ஏறும். 110-இல் பழகிய பாட்டு 120-இல் ஓட ஆரம்பித்துவிடும். பாடுபவருக்கு மூச்சு வாங்க இடம் இருக்காது, சொற்கள் ஒன்றன் மேல் ஒன்று விழும். இதற்குத் தேர்விலேயே ஒரு மருந்து உண்டு. கொஞ்சம் வேகம் கூடினாலும் தாங்குகிற நடுத்தர வேகப் பாட்டுகளை எடுங்கள். ஏற்கெனவே ஓடுகிற பாட்டு இன்னும் ஓடினால் கவிழும். மிக மெதுவான பாட்டோ ஆளுக்கொரு பக்கம் இழுபடும். அத்துடன் பாட்டைத் தொடங்கும் முன், டிரம்ஸ் வாசிப்பவர் பல்லவியின் முதல் வரியை மனசுக்குள் பாடிப் பார்த்துவிட்டுக் குச்சியைத் தட்டி நான்கு எண்ணட்டும். பேஸ் வாசிக்கிறவர் கிக் டிரம்மின் மேல் காது வைத்திருக்கட்டும். கிக்கும் பேஸும் ஒரே அடியில் விழுந்தால் மேலே நடக்கும் சின்னச் சின்னப் பிசகுகள் வெளியே தெரியவே தெரியாது.

ஒத்திகையில் பாட்டின் நடுப்பகுதியை வாசித்தே பொழுதைக் கழிக்காதீர்கள். கூட்டத்தின் நினைவில் நிற்பவை தொடக்கமும் முடிவும். ஒலிப்பதிவில் பல பாட்டுகள் சத்தம் மெல்லத் தேய்ந்து முடியும். மேடையில் அப்படி முடிக்க வழியில்லை. எனவே ஒவ்வொரு பாட்டுக்கும் முடிவை நீங்களே கட்ட வேண்டும். கடைசிப் பல்லவி வரியை மூன்று முறை பாடி, மூன்றாவது முறை பாதியாக வேகம் குறைத்து, கடைசிச் சொல்லில் ஒரே கார்டு, ஒரே சிம்பல் என்று முடிக்கலாம். அல்லது டிரம்ஸ் ஒரு ரோல் கொடுத்ததும் நச்சென்று நிறுத்தலாம். எதுவானாலும் யார் சைகை கொடுப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். பிறகு முடிவின் எட்டு பாரை மட்டும் தனியாக எடுத்து, பாட்டே வாசிக்காமல், திரும்பத் திரும்ப வாசியுங்கள். செல்போனை அறை வாசலில் வைத்துப் பதிவு செய்து கேட்டால், யார் முந்துகிறார், யார் பிந்துகிறார் என்று சண்டையில்லாமல் தெரிந்துவிடும்.

எத்தனை பாட்டு? இருபது நிமிடம் என்றால் நான்கு போதும். ஒவ்வொன்றும் நான்கு நிமிடம், இடையில் சுருதி பார்க்க, ஒரு வார்த்தை பேச, தண்ணீர் குடிக்க மிச்சம். ஒயர் இணைக்கும் நேரமும் அந்த இருபதுக்குள் அடக்கமா என்று ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள்; அடக்கம் என்றால் மூன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதாக ஒன்றைப் பழகிக் கையில் வைத்திருங்கள், ‘ஒன்ஸ் மோர்’ என்று கேட்டால் கொடுக்க.

வரிசைக்கும் ஒரு கணக்கு உண்டு. உங்களுக்கு நன்றாகப் பழகிய, குரலுக்கு வேலை குறைவான பாட்டை முதலில் வையுங்கள். சவுண்ட்காரர் உங்கள் ஒலியைச் சரி செய்வதே அந்த முதல் பாட்டில்தான். இரண்டாவது கொஞ்சம் துள்ளலாக. மூன்றாவது மெதுவாக. கூட்டம் சேர்ந்து பாடும் பாட்டு கடைசியில். தொண்டையை எரிக்கும் பாட்டு ஒன்று இருந்தே தீர வேண்டும் என்றால், அதுவும் கடைசியில்தான். பீட்டில்ஸ் தங்கள் முதல் ஆல்பத்தின் பெரும்பகுதியை 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பதிவு செய்தார்கள். ஜான் லெனனுக்கு அன்று சளி. ‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’ தொண்டையைக் கிழித்துவிடும் என்று தெரிந்து, அதை எல்லாவற்றுக்கும் பின்னால் வைத்துக்கொண்டார்கள். இன்று நாம் கேட்பது அந்த இரவில் மிச்சமிருந்த குரல்.

மைனஸ் டிராக் போட்டு வாசிக்கலாமா என்று பல குழுக்கள் கேட்கின்றன. முதல் மேடையில் வேண்டாம். டிராக் உங்களுக்காகக் காத்திருக்காது. பாடுபவர் ஒரு வரி பிந்தினால் உடன் வாசிக்கும் மனிதர்கள் வளைந்து கொடுத்து அவரைச் சேர்த்துக்கொள்வார்கள். டிராக் தன் போக்கில் போய்விடும். எதை உங்களால் கையால் வாசிக்க முடியவில்லையோ அதைப் பாட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். குறைவாக வாசிப்பதில் தப்பே இல்லை.

பாட்டைத் தொடங்கும் முன் அதை எழுதியவர், இசையமைத்தவர், முதலில் பாடியவர் பெயரைச் சொல்லுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது. அவர்கள் உழைப்பில்தான் நாம் நிற்கிறோம். மாணவர்களும் பெற்றோரும் மட்டும் கூடும் கல்லூரி நிகழ்ச்சிகளில் மாணவர்கள் பாடுவதற்கு 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமே இடம் கொடுக்கிறது. டிக்கெட் வைத்து வெளியாட்கள் வரும் நிகழ்ச்சி என்றால் உரிமம் வாங்கியிருக்கிறார்களா என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். எந்தப் பாட்டு என்பதைக் குழுவில் மிக நன்றாக வாசிப்பவர் முடிவு செய்யக் கூடாது. மிகப் புதிதாகக் கற்றுக்கொண்டவரின் கைக்கு எது வசதியோ அதுதான் குழுவின் பாட்டு. பேஸ் கற்று நான்கு மாதமே ஆன தங்கை நிம்மதியாக வாசித்தால், ஏழு வருடமாகக் கிட்டார் வாசிக்கும் அண்ணனும் நிம்மதியாக வாசிப்பார். அந்தத் தங்கை திணறினால் எல்லோரும் திணறுவீர்கள். திறமை அதிகம் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் திறமையை வேகமாக வாசிப்பதில் காட்ட வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் தடுமாறும் அந்த ஒரு நொடியில் நீங்கள் தாளத்தை விடாமல் பிடித்து, அவர் திரும்பி வந்து சேர இடம் கொடுங்கள். அதைவிடப் பெரிய வாசிப்பு மேடையில் கிடையாது. தவறு யாருடையதாக இருந்தாலும் முகத்தைச் சுளிக்காதீர்கள், நிறுத்தாதீர்கள், அவரைத் திரும்பிப் பார்க்காதீர்கள். டிரம்ஸைப் பாருங்கள். அடுத்த பார் வந்துகொண்டே இருக்கிறது.

அடுத்த ஒத்திகைக்கு இப்படிச் செய்து பாருங்கள். ஆளுக்கு இரண்டு பாட்டு கொண்டு வாருங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி: பாடுபவருக்கு உச்ச வரி மூன்று முறையும் வருகிறதா, இரண்டாவது பி.ஜி.எம்.மைச் சமாளிக்க வழி இருக்கிறதா, வாசிக்கும்போதே பக்கத்தில் இருப்பவரின் வாத்தியம் உங்கள் காதில் விழுகிறதா. மூன்றுக்கும் ஆம் என்று வந்தவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வராதவற்றை ஒரு நோட்டில் எழுதி, தேதி போட்டு வையுங்கள். இந்த நான்கு பாட்டை முழுதாக வாசித்து முடித்த குழுவுக்குத்தான் அந்த நோட்டில் இருப்பவற்றைத் தொடும் தைரியம் வரும். அது வரும்போது ‘இளைய நிலா’வையும் எடுங்கள், ‘ராக்கம்மா’வையும் எடுங்கள். அதற்கு முன் முதல் மேடையில் ஐந்து பேரும் சேர்ந்து தொடங்கி, சேர்ந்தே முடித்துவிட்டு இறங்குங்கள்.

வாழ்த்துகளுடன்,
உங்களைப் போலவே மேடையை நேசிக்கும்
ஒரு மெல்லிசைக் குழு பேஸ் கிட்டார் கலைஞன்